காந்தல், காந்தள், கண்வலி

சோறு அடிப்பிடிச்சா எங்க வீட்டுல "காந்திப் போச்சு"ன்னுதான் சொல்வாங்க. பானை அடியில ஒட்டிக்கிட்டு இருக்குற அந்தச் செவந்த பொருக்குக்குப் பேரு காந்தல். அதைச் சுரண்டித் தின்ன நானும் தம்பியும் போட்ட சண்டையெல்லாம் தனிப் பதிவா எழுதலாம். மிளகாயைக் கடிச்சா நாக்கு காந்தும். பசி முத்துனா வயிறு காந்தும். வெங்காயம் உரிச்சா கண்ணு காந்தும். (வீட்டுக்கு வீடு குக்கர் வந்தப்புறம் காந்தலும் போச்சு, கூடவே அந்தச் சொல்லும் பாதி போச்சு.)

அந்த 'ல்'-ஐ 'ள்' ஆக்கிப் பாருங்க. பூ வந்துடும். காந்தள்.

'காந்து'ன்னா எரி, சுடுன்னு அர்த்தம். காந்தளும் அந்த வேர்ல இருந்து வந்ததுன்னுதான் நான் நினைக்கிறேன். பூவை ஒரு தடவை நேர்ல பாத்தவங்க யாரும் இதுல என்கூட சண்டைக்கு வரமாட்டாங்க. ஆறு இதழ். ஓரமெல்லாம் நெளிநெளியா, மேல் பக்கமா மடங்கி நிக்கும். விரியும்போது பச்சை கலந்த மஞ்சள். அப்புறம் நுனியில இருந்து செவக்க ஆரம்பிச்சு, கடைசியில முழுசும் ரத்தச் சிவப்பு. காத்துல ஆடுனா சுள்ளி எரியுற மாதிரியே இருக்கும். வடமொழியில இதுக்கு அக்னிசிகா, அதாவது தீக்கொழுந்துன்னு பேரு. இங்கிலீஷ்லயும் ஃபிளேம் லில்லி. ஆளாளுக்குத் தனித்தனியா பாத்து ஒரே முடிவுக்கு வந்திருக்காங்க. (காந்தத்தைக் கொண்டுவந்து இதோட ஒட்டாதீங்க. அது வடமொழி வழியா வந்த வேற சொல்லு :-))

சரி, இந்தச் சொல்லாராய்ச்சி எதுக்குன்னா, எங்க வீட்டு வாண்டு பொது அறிவுல புலி. மாநில மரம் பனை, பறவை மரகதப்புறா, விலங்கு வரையாடு, 2019ல அறிவிச்ச பட்டாம்பூச்சி தமிழ் மறவன், மலர் செங்காந்தள்னு மூச்சு விடாம ஒப்பிப்பா. "செங்காந்தளை எங்க பாத்திருக்கே?"ன்னு கேட்டா "கூகுள்ல"ன்னு பதில் வரும். எங்க வீட்டு மாடியில இருந்து எட்டிப் பாத்தா, பக்கத்து காலி மனை வேலியில அது பூத்துக் கிடந்துச்சு.

நாங்க இருக்கிறது ராஜகீழ்ப்பாக்கம். தாம்பரத்துல இருந்து வேளச்சேரி போற ரோட்டுல, சேலையூர் தாண்டி. நாங்க வந்த புதுசுல வீட்டைச் சுத்தி நாலு பக்கமும் காலி மனை, வேலிகாத்தான், கோவைக்கொடி, மழை பேஞ்சா தவளைக் கச்சேரி. 2021ல தாம்பரம் மாநகராட்சி ஆச்சு. இப்ப மூணு பக்கம் அபார்ட்மெண்ட். இந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்துல முள்ளும் புதருமா கிடந்த காடுதான். அதுல மிச்சம் என்னன்னு பாக்கணும்னா நன்மங்கலம் காப்புக்காடு இருக்கு, வண்டலூர் பக்கத்துக் குன்றுகள் இருக்கு, 1937ல பட்டணத்தை விட்டு தாம்பரத்துக்கு வந்த கிறிஸ்தவக் கல்லூரியோட வளாகம் இருக்கு. எங்க தெருவுக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு மனை. அதுல ஆடி ஆவணி மழைக்கு எங்கிருந்தோ ஒரு தண்டு மேல வரும். ஒவ்வொரு இலையோட நுனியும் சுருண்டு, கையில கிடைச்ச முள்ளைப் பிடிச்சுக்கிட்டு ஏறும். ஐப்பசி கார்த்திகையில வேலி பத்தி எரியும். மாசி வந்தா சுவடே இருக்காது, எல்லாம் மண்ணுக்குள்ள போயிடும்.

தெருவுல யாருக்கும் அது செங்காந்தள்னு தெரியாது. "விஷச்செடி சார், ஜேசிபி விட்டு க்ளீன் பண்ணச் சொல்லணும்"னு அசோசியேஷன்ல ஒருத்தர். "அது ஏதோ லில்லி"ன்னு இன்னொருத்தர். ஜி.எஸ்.டி. ரோட்டுல ஒரு நர்சரியில போய் செங்காந்தள் இருக்கான்னு கேட்டேன், முழிச்சாங்க. போன்ல படத்தைக் காட்டுனதும் "குளோரி லில்லின்னு தமிழ்ல சொல்லுங்க சார், பல்ப் வரும், சீசனுக்குச் சொல்றேன்"னார். தமிழ்ல! :-)

பல்ப்புன்னு அவர் சொன்னாலும் இது வெங்காயம் மாதிரி ஏடு ஏடா உரியுற சமாச்சாரம் கிடையாது. கிழங்கு. விரல் மொத்தத்துல ரெண்டு கை, ஒரு முனையில சேந்து வளைஞ்சு நிக்கும். ஏரோட்டின கைக்கு அதைப் பாத்ததும் கலப்பைதான் ஞாபகம் வரும். அதனால கலப்பைக்கிழங்கு. வடமொழியில லாங்கலின்னு ஒரு பேரு, லாங்கலம்னா அங்கயும் கலப்பைதான். பூவைப் பாத்தவன் ஒரு பேரு வச்சான், தோண்டினவன் ஒரு பேரு வச்சான்.

சங்கப் பாட்டுல இது படாத பாடு படுது. கபிலர் குறிஞ்சிப்பாட்டுல அடுக்குற பூப்பட்டியல் தொடங்குறதே செங்காந்தள்லதான். அதே பட்டியல்ல கொஞ்சம் தள்ளி கோடல் வரும், இன்னும் தள்ளி தோன்றி வரும். கோடலை வெண்காந்தள்னு சொல்வாங்க, தோன்றியைச் செங்காந்தள்னு சொல்வாங்க. அப்படின்னா ஒரே பூவை மனுஷன் மூணு தடவை எண்ணிட்டாரா? எனக்கு அப்படித் தோணலை. காந்தள் பெரும்பாலும் மலை சார்ந்த பாட்டுல வருது. கோடலும் தோன்றியும் கார்கால முல்லைப் பாட்டுல அதிகம் வருது. மலைக்காரன் ஒண்ணு சொல்லியிருப்பான், காட்டுக்காரன் ஒண்ணு சொல்லியிருப்பான். இன்னிக்கு ஜில்லாவுக்கு ஜில்லா பேரு மாறுற மாதிரிதான். அதுவும் தோன்றிங்குற பேரு இருக்கே, அந்த மனையைப் பாத்தவன்கிற முறையில சொல்றேன், அதைவிடப் பொருத்தமான பேரு கிடையாது. வெறும் மண்ணா கிடக்கும், நாலு மழை பேஞ்சதும் தோன்றி நிக்கும்.

நாம தொலைச்ச அந்தத் தோன்றியை மலையாளத்துக்காரங்க பத்திரமா வச்சிருக்காங்க. அவங்க ஊர்ல இது மேந்தோன்னி. 1678க்கும் 1693க்கும் நடுவுல ஆம்ஸ்டர்டாம்ல அச்சான ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்ல, டச்சுக்கார வான் ரீடு 'மெந்தோனி'ன்னு படத்தோட போட்டிருக்கார். லின்னேயஸ் 1753ல குளோரியோசா சூப்பர்பான்னு பேரு வைக்கிறதுக்கு முன்னாடியே நம்ம பக்கத்துப் பேரு ஐரோப்பாவுக்குப் போயாச்சு. லின்னேயஸ் வச்சதுக்கு அர்த்தம் ரொம்ப எளிசு: புகழ் வாய்ந்தது, அற்புதமானது. பாராட்டுப் பத்திரம் மாதிரி இருக்கு, செடியைப் பத்தி ஒரு தகவலும் அதுல இல்லை.

ஒரு விஷயம் எனக்கு ரொம்ப நாளா உறுத்தல். குறுந்தொகையில எல்லாம் தலைவி நெத்தி காந்தள் மாதிரி மணக்கும்னு வரும். நான் வேலியோரம் நின்னு, காலையில ஒரு தடவை சாயங்காலம் ஒரு தடவை, மூக்கைக் கிட்ட கொண்டுபோய் பாத்தாச்சு. ஒண்ணும் இல்லை. பச்சை இலை வாசனைகூட இல்லை. பக்கத்து வீட்டு அம்மா என்னை ஒரு மாதிரி பாத்ததுதான் மிச்சம். அப்புறம் திருமுருகாற்றுப்படையைப் புரட்டுனா நக்கீரர் கைகொடுக்குறார். முருகன் சூடியிருக்குற காந்தள் கண்ணியை வண்டுகூட மொய்க்காதுங்குறார். உரைகாரங்க அதுக்குத் தெய்வீகக் காரணம் சொல்லலாம். நான் என் மூக்குக்குக் கிடைச்ச சாட்சியா எடுத்துக்கிட்டேன். பாட்டுல மணக்குற காந்தள் வேற செடியா, காதல் வந்தா எல்லாமே மணக்குமாங்குறதை தமிழ் வாத்தியார்கள் தீத்து வைக்கட்டும்.

கண்வலிக்கு வர்றேன். தங்கமணிக்கு ஊரு மூலனூர்ப் பக்கம். மாமியார் ஒரு கார்த்திகைக்கு வந்திருந்தாங்க. மாடியில துணி எடுக்கப் போனவங்க அங்கிருந்தே குரல் குடுத்தாங்க. "ஏனுங் மாப்ள, இதென்ன இங்கெயும் கண்வலிக்கெழங்கு கெடக்குது? புள்ளைய அந்தப் பக்கம் உடாதீங்க. அதைத் தொட்டுப்போட்டுக் கண்ணைக் கசக்குனா அவ்வளவுதானுங்க."

செங்காந்தள்னு நான் சொன்னதுக்கு "அதென்னமோங்க"ன்னுட்டாங்க. ஆனா அதைப் பத்தி அவங்களுக்குத் தெரிஞ்சதுல பத்துல ஒரு பங்கு எனக்குத் தெரியாது. மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி, ஒட்டன்சத்திரம்னு அந்தப் பக்கம் பூராவும் இது வெள்ளாமை. ஜூன் ஜூலையில கிழங்கை நடணும், நடும்போது முளை நுனி ஒடிஞ்சா அந்தக் கிழங்கு வீண். கொடி ஏற கம்பியோ முள்ளோ கட்டணும். பூ வந்தா வேலை ரெட்டிப்பு. இந்தப் பூவுல சூல்தண்டு நேரா நிக்காம, முறைச்சுக்கிட்ட மருமக மாதிரி பக்கவாட்டுல திரும்பி நிக்கும். மகரந்தம் தானா போய் விழ வழியில்லை. காலையில வெயில் ஏறுறதுக்குள்ள ஆளுங்க பூப்பூவா தொட்டுத் தொட்டு மகரந்தம் வச்சாத்தான் காய் பிடிக்கும். அறுவடை விதைக்காக. விதை காஞ்சு, வியாபாரி கைக்குப் போய், கப்பல் ஏறி வெளிநாட்டு மருந்துக் கம்பெனிக்குப் போகுது. ஒரு வருஷம் விலை தூக்கிவிடும், அடுத்த வருஷம் கவுத்துடும். இவங்க வீட்டுலயும் ரெண்டு ஏக்கர் போட்டு, ஒரு வருஷம் வளையல் வாங்கி, அடுத்த வருஷம் அதே வளையலை அடகு வச்சிருக்காங்க.

கண்வலின்னு ஏன் பேரு? பூவையே உத்துப் பாத்தா கண்வலி வரும்னு ஒரு நம்பிக்கை. எனக்கு வேற ஒரு சந்தேகம். இது பூக்குற அதே ஐப்பசி கார்த்திகையிலதான் ஊரெல்லாம் கண்ணு செவந்து மெட்ராஸ் ஐ வந்து கறுப்புக் கண்ணாடியோட திரியும். ரெண்டையும் ஒரே மாசத்துல பாத்த யாரோ முடிச்சுப் போட்டிருக்கலாம். எப்படியோ, கண்ணு கிட்ட கொண்டு போகாதேன்னு அந்தப் பேருக்குள்ளயே ஒரு எச்சரிக்கை உக்காந்துடுச்சு.

எச்சரிக்கை தேவைதான். செடி முழுக்க கொல்கிசின்னு ஒரு நச்சு. கிழங்குலயும் விதையிலயும் அதிகம். அந்தப் பேரு கருங்கடல் கரையில இருந்த கொல்கிஸ்ங்குற நாட்டு வழியா வந்தது. அங்க வளர்ற வேற ஒரு பூச்செடிக்கு அந்த ஊர்ப்பேரை வச்சாங்க. பிரான்ஸ்காரங்க பெல்லெத்தியேவும் கவாந்துவும் 1820ல அந்தச் செடியில இருந்து நச்சைப் பிரிச்சாங்க. அதே நச்சு நம்ம காந்தள்லயும் இருக்கு. தமிழ்க் காதுக்கு மட்டும் முதல் எழுத்துலயே 'கொல்' கேக்கும். அளந்து குடுத்தா மருந்து. கால் கட்டைவிரல் வீங்கித் துடிக்குற கவுட் வாதத்துக்குக் காலங்காலமா குடுக்குறது. 2023ல அமெரிக்காவுல இதயநோய்க்கும் ரொம்பக் குறைஞ்ச அளவுல அனுமதிச்சிருக்காங்க. அளவு தப்புனா உடம்புல செல் பிரியுறதையே நிறுத்திடும். முதல்ல வாந்தி பேதின்னு சாதாரணமா ஆரம்பிக்கும், அப்புறம் ஒவ்வொரு உறுப்பா இழுத்துட்டுப் போகும். தப்பிச்சவங்களுக்கும் ஒண்ணு ரெண்டு வாரத்துல தலைமுடி கொட்டிடும். இதுக்குன்னு நேரா ஒரு மாத்துமருந்து கிடையாது. வேக வச்சாலும் விஷம் போகாது. இதை வள்ளிக்கிழங்கு மாதிரின்னு நினைச்சு அவிச்சுத் தின்னு ஆஸ்பத்திரிக்குப் போனவங்க நம்ம ஊர்லயும் உண்டு, இலங்கையிலயும் உண்டு.

இது எனக்கு வெறும் படிச்ச விஷயமா இல்லாம போனது, ரெண்டு வருஷம் முன்னாடி மே மாசம். அந்தக் கடைசி மனையும் வித்துப்போச்சு. அஸ்திவாரம் தோண்ட ஜேசிபி வந்துச்சு. சாயங்காலம் நான் மாடியில தொட்டிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தேன். கீழ தகரக் கொட்டகை வாசல்ல வேலைக்கார பசங்க நாலு பேரு. செங்கல் அடுப்புல சோறு கொதிக்குது. பக்கத்துல ஒரு அலுமினியத் தட்டுல உருளைக்கிழங்கு, அதோட சேத்துக் கழுவி வச்ச நீள நீளமா எட்டு பத்து கிழங்கு. வெளிர் பழுப்பு, ரெண்டு கை, கலப்பை வளைவு.

மாடிப்படியை எப்படி இறங்கினேன்னு தெரியலை.

மே மாசம். பூ இல்லை, இலை இல்லை, கொடி இல்லை. தட்டுல இருக்குறது பாக்க எந்தக் கிழங்கு மாதிரியும் இருக்கு. எனக்குத் தெரிஞ்ச ஹிந்தி தூர்தர்ஷன் குடுத்த ஹிந்தி. "ஜஹர், ஜஹர்"னு தட்டைக் காட்டிக் காட்டிச் சொல்றேன். அவங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துட்டு, "ஆலு, சாப், ஆலு"ன்னு எனக்குச் சமாதானம் சொல்றாங்க. சாப்பாட்டுல விஷம் வச்சதா நான் பழி போடுறேன்னுகூட நினைச்சிருக்கலாம். அந்த நேரத்துல செங்காந்தள்னு சொல்லி என்ன ஆகப்போகுது? மாநில மலர்னு சொல்லவா?

மேஸ்திரி செய்யாறு பக்கத்துக்காரர். சத்தம் கேட்டு வந்து தட்டைப் பாத்தார். "அடப்பாவிங்களா, கலப்பைக்கெழங்குடா இது"ன்னு தட்டைப் பிடுங்கிட்டார். பூவைக் காட்டி நீங்க கேட்டிருந்தா அவருக்குத் தெரிஞ்சிருக்காது, அப்புறமா கேட்டுப் பாத்தேன். மண்ணுக்குள்ள இருக்குறதுக்கு மட்டும்தான் அவர்கிட்ட பேரு இருந்துச்சு. பசங்க இன்னும் நம்பலை. சாப்பாட்டைப் பிடுங்குறாங்களேன்னு ஒருத்தனுக்குக் கோவம் வேற. அப்பத்தான் போன்ல போன கார்த்திகைக்கு எடுத்த படம் ஞாபகம் வந்துச்சு. தேடி எடுத்துக் காட்டினேன். முர்ஷிதாபாத் பையன் ஒருத்தன், இருபது வயசு இருக்கும், போனை வாங்கிப் பெருசாக்கிப் பாத்தான். "உலட்சண்டால்!"னு கத்துனான். அவங்க பாஷையில சடசடன்னு என்னமோ சொன்னான். எனக்குப் புரிஞ்சது ஒரே வார்த்தை, பிஷ். வங்காளத்துல விஷம்.

அதுக்கப்புறம் யாரும் ஒண்ணும் பேசலை. உருளைக்கிழங்கையும் சேத்துக் கொட்டிட்டு, தட்டை மண் போட்டுத் தேச்சாங்க, கையைச் சோப்புப் போட்டு ரெண்டு தடவை கழுவினாங்க. தங்கமணி வீட்டுல இருந்து சாம்பார் குடுத்து அனுப்பினா. அந்தப் பையனோட பாட்டி ஊர் வேலியில இதைக் காட்டி அந்தப் பேரைச் சொல்லிக்குடுத்திருக்காங்களாம். யாருன்னே தெரியாத அந்தப் பாட்டிக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கேன்.

ஒரு பேரு மிச்சம் இருக்கு. வளசரவாக்கத்துல இருக்குற யாழ்ப்பாணத்து நண்பர்கிட்ட இந்தப் படத்தைக் காட்டுனப்ப அவர் கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். "கார்த்திகைப்பூ எல்லோ"ன்னார். அங்க நவம்பர் 27 மாவீரர் நாளோட சேந்துபோன பூ இது. இங்க ஆறாங்கிளாஸ் பிள்ளை ஒரு மார்க்குக்கு எழுதுற விடை, அங்க செத்தவங்களுக்கு வைக்கிற பூ. அவர்கிட்ட அதுக்கு மேல நான் கேக்கலை. ஜிம்பாப்வேக்கும் இதுதான் தேசியப் பூ. 1947ல அந்தப் பக்கம் போன எலிசபெத் இளவரசிக்கு இதே வடிவத்துல வைர புரூச் பண்ணிக் குடுத்திருக்காங்க. அவங்களுக்கு அது நகை.

மனையில இப்ப நாலு மாடி. தோண்டிப் போட்ட மண்ணுல இருந்து மேஸ்திரி ரெண்டு கிழங்கை முளை ஒடியாம எடுத்துக் குடுத்தார். மாடியில சிமெண்ட் தொட்டியில, கம்பி வலை கட்டி வச்சிருக்கேன். தொட்டியில பேரு எழுதணும்னு வாண்டு பெயிண்ட்டோட நின்னா. அவளுக்குச் செங்காந்தள். தங்கமணிக்குக் கண்வலிக்கிழங்கு. தோன்றின்னு எழுதலாம்னு நான் சொன்னதை யாரும் காதுல வாங்கலை. கடைசியில ஒரு பக்கம் செங்காந்தள், இன்னொரு பக்கம் கண்வலிக்கிழங்கு, ரெண்டுக்கும் நடுவுல மண்டையோடு. மண்டையோட்டுக்குச் சிரிச்ச வாய் போட்டிருக்கா, அது மட்டும் கொஞ்சம் மாத்தணும்.

உங்க ஊர்ல இதுக்கு என்ன பேருன்னு சொல்லிட்டுப் போங்க மக்களே. கிழங்குக்கு ஒரு பேரும் பூவுக்கு ஒரு பேரும் இருந்தா ரெண்டையும் சொல்லுங்க.

டிஸ்கி: சித்த வைத்தியத்துல இது சேருதே, வீட்டுலயே செஞ்சு பாக்கலாமான்னு யாரும் கிளம்பிடாதீங்க. அவங்க சுத்தி பண்ணித்தான் சேப்பாங்க, அது அவங்க வேலை. யாராவது தெரியாம வாயில வச்சுட்டா, வாந்தி வருதான்னு பாத்துக்கிட்டு உக்காராம உடனே 108க்குப் போன் போடுங்க. மிச்சக் கிழங்கையும் கையோட எடுத்துட்டுப் போங்க, டாக்டருக்குப் பேரு சொல்ல உதவும்.